ஜூன் மாதம் பாரிஸ் செல்கிறோம். ஷார்த்ர் பேராலய நகரின் ஒளிக்காட்சியை மாலையில் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்ப முடியுமா?

ஓர் இரவு அங்கேயே தங்கும்படி திட்டமிடுங்கள். ஆறரை மணிக்கு விளக்கேற்றிப் பழகிய மதுரைக்காரர்களுக்கு, ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும் என்பது எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் பதிவதில்லை. நன்றாக இருட்டிய பிறகே தொடங்கும் காட்சி, கோடையில் நள்ளிரவைத் தாண்டியும் நடக்கும். பாரிஸின் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் என்ற கணக்கை நம்பி, அழகர்கோவிலுக்குப் போய்வருவதைப் போல நானும் என் மனைவியும் கிளம்பவிருந்தோம். மகன் பிடிவாதமாக அறை பதிவு செய்ததால் தப்பித்தோம்.

நாங்கள் சென்றது செப்டம்பரில். எட்டரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், பெரியவர்களுக்கு அதுவே வசதியான மாதம் என்பேன்.

பகலிலேயே போய்ச் சேர்ந்து முதலில் ஆலயத்துக்குள் செல்லுங்கள். 1194ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் எழுப்பப்பட்ட அந்த ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், வெளியே வெயில் இருக்கும்போது உள்ளே நிற்பவர்களுக்கு மட்டுமே நீலமும் சிவப்புமாக எரிகின்றன. இரவில் வெளியிலிருந்து பார்த்தால் அவை கரிய ஈயத் தகடுகளைப் போலத்தான் தெரியும். இரண்டு உலகப் போர்களின்போதும் அவற்றைக் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்தியதால்தான் இன்றும் நமக்குக் காணக் கிடைக்கின்றன. கீழவெளி வீதித் தூய மரியன்னை பேராலயத்தின் ஒத்த இரட்டைக் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அங்கே ஒரு கோபுரம் சுமார் 105 மீட்டரும் மற்றொன்று 113 மீட்டருமாக, வடிவத்திலும் ஒட்டாமல் நின்றது முதலில் உறுத்தியது, சாயங்காலத்துக்குள் பழகிவிட்டது.

2003 முதல் நடந்துவரும் ஒளிக்காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஏறத்தாழ இருபது கட்டடங்களிலும் பாலங்களிலும் படம் வீழ்த்துகிறார்கள் என்றாலும், நேரம் குறைவாக இருந்தால் பேராலயத்தின் மேற்கு வாசலில் நின்றாலே போதும். தீயில் அழியாமல் தப்பிய அந்தப் பன்னிரண்டாம் நூற்றாண்டு வாசலின் கற்சிலைகளுக்கு ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்களாம். கல்லின் ஒவ்வொரு மடிப்புக்கும் அளவெடுத்து வரைந்த ஒளி, முகத்துக்கு முகநிறமும் ஆடைக்கு ஆடைநிறமுமாக அவற்றின்மேல் வந்து படிகிறது. கூடியிருந்தவர்கள் வாயடைத்து நின்றபோது, என் மனைவி மட்டும், "நம்ம தெற்குக் கோபுரம் மாதிரி இருக்குங்க" என்றாள். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுவதைப் பார்த்த கண்களுக்கு, சாம்பல் நிறக் கல்தான் குறையாகத் தெரியும் போலிருக்கிறது.

ஆற்றங்கரையில் பழைய துணி துவைக்கும் கூடங்களின் ஒளி நீரில் ஆடுவதும் அழகுதான். ஆனால் அங்கே இறங்கும் பாதை செங்குத்தானது, கல் பாவியது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்கவும். இரவு உணவை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நள்ளிரவில் பரோட்டாக் கல் தட்டும் ஓசை கேட்கிற ஊரில்லை அது.