எனர்ஜி சாப்டர்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

எனர்ஜி, பவர், எஃபிஷியன்சி (போட்டதுல எவ்ளோ பங்கு நமக்கு வேண்டியதா வருதுங்கறது), இதுல எது வேணா கேளுங்க. ஒரே ஒரு கண்டிஷன். "எஃபிஷியன்சி எவ்ளோ"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, அதுல நமக்கு வேண்டியது எதுன்னு எழுதிட்டு வாங்க. அப்புறம் கிலோவாட் வேற, யூனிட் வேற. கிலோவாட்ங்கறது எவ்ளோ வேகமா எடுக்குதுங்கறது, யூனிட்ங்கறது மொத்தம் எவ்ளோ எடுத்துச்சுங்கறது: 1 கிலோவாட் 1 மணி நேரம் ஓடினா 1 யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். இதை இன்னிக்கு எத்தனை தடவை சொல்லப் போறேனோ தெரியல.

கேள்வி: மிஸ், நாங்க லண்டன்ல இருக்கோம், பொண்ணு ஜிசிஎஸ்இ (இங்க 16 வயசுல எழுதற பரீட்சை) படிக்கறா. பல்புல எலக்ட்ரிக்கல் எனர்ஜி லைட் எனர்ஜியா மாறுதுன்னு சொல்லிக்குடுத்தேன், அவ எழுதினதை டீச்சர் தப்புன்னு அடிச்சுட்டாங்க. நாம படிச்சதெல்லாம் தப்பா?

பதில்: தப்பில்லம்மா, நம்ம ஊர்ல இப்பவும் அப்படி எழுதினா மார்க் விழும். அங்க 2016-ல புது சிலபஸ் வந்தப்போ கணக்கு எழுதற முறையை மாத்திட்டாங்க. எனர்ஜி எங்க "இருக்கு"ங்கறது தனி, எப்படிப் "போகுது"ங்கறது தனி. இருக்கற இடம்தான் ஸ்டோர், மொத்தம் 8. ஓடற பொருள்ல கைனெடிக், உசரத்துல வச்சதுல கிராவிடேஷனல், இழுத்த ரப்பர்ல எலாஸ்டிக், சாப்பாடு பெட்ரோல் பேட்டரில கெமிக்கல், சூடான எதுலயும் தெர்மல், மிச்சம் மேக்னெடிக், எலக்ட்ரோஸ்டாடிக், நியூக்ளியர். போற வழி 4: தள்ளி இழுத்து போறது, கரண்டா போறது, சூடு பரவிப் போறது, ஒளியாவோ ஒலியாவோ அலையா போறது. பாருங்க, லைட்டும் சவுண்டும் கரண்டும் வழி லிஸ்ட்ல இருக்கு, ஸ்டோர் லிஸ்ட்ல இல்ல. டீச்சர் அடிச்சது அதுக்குத்தான்.

டார்ச் லைட்டை எடுத்துக்கோங்க. பேட்டரியோட கெமிக்கல் ஸ்டோர் குறையுது, கரண்டா பல்புக்குப் போகுது, பல்புல இருந்து கொஞ்சம் வெளிச்சமா கொஞ்சம் சூடா வெளிய வருது, கடைசில செவுரு, காத்து எல்லாத்தோட தெர்மல் ஸ்டோரும் துளியூண்டு ஏறுது. பொண்ணு இதை இப்படியே எழுதட்டும். "வீணாச்சு"ன்னு மொட்டையா முடிக்க வேணாம், எந்த ஸ்டோர்ல போய் சேர்ந்துச்சுன்னு எழுதணும்.

கேள்வி: கெட்டில் 1.5 கிலோவாட், 1 லிட்டர் தண்ணி 30 டிகிரில இருந்து 100 வர 4 நிமிஷம். எஃபிஷியன்சி?

பதில்: இப்படிக் கேட்டா சந்தோஷமா இருக்கு. 4 நிமிஷம்னா 240 செகண்ட், போட்டது 1500 × 240 = 3,60,000 ஜூல். 1 கிலோ தண்ணிய 1 டிகிரி ஏத்த 4200 ஜூல் வேணும், அப்போ தண்ணிக்குப் போனது 1 × 4200 × 70 = 2,94,000 ஜூல். வகுத்தா 82% பக்கம். மிச்சம் கெட்டில் உடம்பு, ஆவி, சுத்தி இருக்கற காத்து.

கேள்வி: மோட்டாரை டைனமோவோட கோத்து, அந்த கரண்ட்லயே மோட்டாரை ஓட்டினா?

பதில்: நின்னுடும்.

கேள்வி: கேஸா இண்டக்‌ஷனா மிஸ், எது எஃபிஷியன்ட்?

பதில்: கணக்கை எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கறீங்க, அந்தக் கோடு எங்க போடறீங்கங்கறதுதான் பதிலே. கிச்சனுக்குள்ள மட்டும் பாத்தா இண்டக்‌ஷன் 85% பக்கம் வரும், கேஸ் அடுப்புக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) விதிப்படி குறைஞ்சது 68% இருக்கணும். 14.2 கிலோ சிலிண்டர்ல கிலோவுக்கு 46 மெகாஜூல்னு வச்சா 653 மெகாஜூல், அதாவது 181 யூனிட். அதுல பாத்திரத்துக்குப் போறது 123. அதையே இண்டக்‌ஷன்ல குடுக்க 145 யூனிட் ஓடணும், உங்க ஸ்லாப் ரேட்டால பெருக்கிப் பாத்துக்கோங்க. ஆனா கோட்டை அனல்மின் நிலையம் வரைக்கும் இழுத்தா கதை மாறிடும். நிலக்கரியோட சூட்டுல 35% பக்கம்தான் கரண்டா வெளிய வருது, அப்போ 145 யூனிட்டுக்கு 410 யூனிட்டுக்கு மேல சூடு எரிச்சிருக்கணும். சோலார்ல இருந்து வந்த கரண்ட்டுன்னா அது வேற கணக்கு. ரெண்டு பக்கமும் சண்டை போடறவங்க பாதிப் பேரு வேற வேற கோட்டை வச்சுக்கிட்டு கத்தறாங்க.

கேள்வி: 1.5 டன் ஏசி 1.5 கிலோவாட் பர் ஹவர் எடுத்து 5 கிலோவாட் கூலிங் தருதாம். 300 பர்சென்ட்டா?

பதில்: "கிலோவாட் பர் ஹவர்" கிடையாது!! கிலோவாட், அவ்ளோதான். ஏசி குளிரைத் தயாரிக்கல, உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளுது. தள்ற சூட்டுக்கு நீங்க காசு குடுக்கல, தள்ற கூலிக்கு மட்டும்தான் குடுக்கறீங்க. அதனால அதை எஃபிஷியன்சின்னு சொல்ல மாட்டாங்க, சிஓபின்னு வேற பேரு, தள்ளின சூட்டை எடுத்த கரண்ட்டால வகுத்தா வர்றது.

கேள்வி: கோயம்புத்தூர் மாவட்டத்துல இருக்கற கடம்பாறை மின் நிலையத்துல தண்ணிய மேல ஏத்தி மறுபடி இறக்கி கரண்ட் எடுக்கறாங்களே, ஏத்தறதுக்கே அதிகம் செலவாகுமே?

பதில்: ஆமா ஆகும், போட்டதுல முக்கால் பங்கு பக்கம்தான் திரும்பி வரும். இருந்தும் ஏன்னா, கரண்ட் மிச்சமா இருக்கற நேரத்துல மேல் ஆழியார்ல இருந்து கடம்பாறை அணைக்கு ஏத்திட்டு, எல்லாரும் ஒண்ணா லைட் ஃபேன் போடற நேரத்துல இறக்கறாங்க. 100 மெகாவாட் மெஷின் 4 இருக்கு அங்க. கிராவிடேஷனல் ஸ்டோர் எவ்ளோ சின்னதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க: 1 டன் தண்ணி 100 மீட்டர் கீழ விழுந்தா 9,80,000 ஜூல். கால் யூனிட்டுக்கு துளி மேல. ஒரு ஃபேன் நாலு மணி நேரம்கூட ஓடாது. மலையும் அணையும் இல்லாம வீட்டு மாடி டேங்க்ல கரண்ட் எடுக்கறேன்னு யாராவது வந்தா இதைக் காட்டுங்க.

கேள்வி: நான் ஈரோடு, எலக்ட்ரீசியன். ஃபேன் 1-ல வச்சாலும் 5-ல வச்சாலும் மீட்டர் ஒரே மாதிரிதான் ஓடும்ங்க. புக்ல என்ன வேணா இருக்கட்டும்.

பதில்: அண்ணா, எந்த ரெகுலேட்டர்? சின்னதா சுவிட்ச் போர்டுலயே உக்காந்திருக்கறது கெப்பாசிட்டர் வகை, அதுல சூடா போறது ரொம்ப கம்மி. நீங்க சொல்றது பழைய பெரிய பெட்டி, ரெசிஸ்டன்ஸ் வகைன்னு நினைக்கறேன்.

அவரே: பெட்டிதான். தொட்டா சுடும். ஃபேனுக்குப் போகாத கரண்டு அங்க எரியுது, மொத்தம் அதேதான?

பதில்: பாதி சரி. சூடு நிஜம். ஆனா "மொத்தம் அதே" இல்ல. பெட்டி ஃபேனோட சீரீஸ்ல (ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒரே லைன்ல) இருக்கு, ரெசிஸ்டன்ஸ் சேர சேர லைன்ல ஓடற கரண்ட்டே குறையுது, 230 வோல்ட் அப்படியே இருக்கு, அப்போ இழுக்கற வாட்டும் குறையும். கெப்பாசிட்டர் அளவுக்கு குறையாது, அவ்ளோதான். 5-ல 75 வாட் எடுக்கற ஃபேன் 1-ல தோராயமா 45 எடுக்கும், அதுல பாதிக்கு மேல பெட்டியிலயே சூடாப் போயிடும்.

சண்டை வேணாம், எண்ணிப் பாருங்க. வீட்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, ஃப்ரிட்ஜ் உட்பட, ஃபேனை மட்டும் ஓட விடுங்க. மீட்டர் முகப்புல 3200ன்னு போட்டிருந்தா ஒரு யூனிட்டுக்கு சிவப்பு லைட் 3200 தடவை மினுக்கும் (வேற நம்பரும் இருக்கும், பாத்துக்கோங்க). 75 வாட்டுக்கு 10 நிமிஷத்துல 40 மினுக்கல் வரணும்.

இன்னொருத்தர்: மிஸ் சொல்றது சரி, எங்க வீட்ல பெட்டியே கிடையாது, 1-ல வச்சா பில் நல்லா குறையுது.

பதில்: உங்க வீட்ல பெட்டி இல்லன்னா அவர் கேள்விக்கு அது பதிலே இல்லையே. அவர் எண்ணட்டும்.

கேள்வி: மிஸ், மோட்டார் டைனமோ, நடுவுல ஃப்ளைவீல் (கனமான சுழல் சக்கரம்) போட்டா?

பதில்: கொஞ்சம் லேட்டா நிக்கும்.

ஈரோடு அண்ணா: எண்ணிட்டேன். 5-ல 39, 1-ல 25. சரி, குறையுதுதான். ஆனா ஃபேன் பாதி ஸ்பீடுகூட சுத்தல, காசு மட்டும் அறுபது பர்சென்ட்டுக்கு மேல போகுது. அப்போ கஸ்டமர்ட்ட பெட்டிய மாத்துங்கன்னு நான் சொல்றதுல தப்பு இல்லையே?

பதில்: தப்பே இல்ல, அந்த 39, 25-ஐயே காட்டிச் சொல்லுங்க. மினுக்கலா எண்ணினது வாட்டைப் பாத்ததை விட நல்லாப் புரியும்.

கேள்வி: பேசாம பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் போட்டுடலாமா?

பதில்: 75-க்கு பதிலா 30 வாட் எடுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினா மாசம் 20 யூனிட் மிச்சம், ரெண்டு மாச பில்லுல 40. ஏற்கெனவே தமிழ்நாட்ல குடுக்கற இலவச யூனிட்டுக்குள்ளயே இருக்கறவங்களுக்கு பில்லுல ஒண்ணும் குறையாது.

கேள்வி: எந்த கம்பெனி இன்வெர்ட்டர் நல்லது?

பதில்: அது என் ஏரியா இல்ல. மேல ஈரோடு அண்ணா இருக்காரு.

கேள்வி: ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வச்சா ரூம் குளிருமா?

பதில்: சூடாகும். ஏசி பதிலைப் படிங்க, ஃப்ரிட்ஜோட பின்பக்கமும் அதே ரூம்லதான் இருக்கு.

கேள்வி: எங்க வீட்டு மோட்டார் 750 வாட் பர் ஹவர்...

பதில்: வாட். வெறும் வாட். திருத்திட்டு வாங்க, அப்புறம் கணக்கு போடலாம்.