சாலையோர வீட்டை விற்பது: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வீடு பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது. கட்டுமானம் உறுதி, தண்ணீருக்குக் குறைவில்லை, மூன்று படுக்கையறைகள். ஆனால் லாரி, பேருந்து இரைச்சல் நள்ளிரவு வரை ஓயாது. எதிரே ஒரு வாகனப் பட்டறை வேறு. பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே முகம் சுளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சமையலறையைப் புதிதாக்கினால் வீடு விற்றுப்போய்விடும் என்கிறார் தரகர். முன்னால் அடர்த்தியாகச் செடி வைத்தால் சத்தம் குறையும் என்கிறார் மைத்துனர். சாலை அடங்கியிருக்கும் விடுமுறை நாள் காலையில் மட்டும் காட்டுங்கள் என்பது நண்பரின் யோசனை. கையில் பணம் கொஞ்சம்தான். எதில் போடுவது?

கே.

அன்புள்ள கே.,

முதல் இரண்டு யோசனைகளில் பணம் போகும். மூன்றாவதில் வாங்க வருகிறவரின் நம்பிக்கை போகும்.

உங்கள் வீட்டை வேண்டாம் என்று சொல்வதற்கு, பார்க்க வருகிறவரிடம் ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது: சத்தம். இரண்டாவது காரணத்தை நீங்கள் கொடுத்துவிடக் கூடாது. அமைதியான தெருவில் இருக்கும் வீட்டில் குழாய் சொட்டினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். உங்கள் வீட்டில் சொட்டினால், ‘சத்தமும் உண்டு, பராமரிப்பும் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனவே புதிய சமையலறை வேண்டாம். அந்தச் சாலையில் வீடுகள் என்ன விலைக்குப் போகின்றனவோ அதற்கு மேல் ஒரு சமையலறைக்காக யாரும் தரப்போவதில்லை. தொங்கும் அலமாரிக் கதவுகளின் கீல்களை இறுக்குங்கள், கைப்பிடிகளை மாற்றுங்கள். சிங்க் ஓரத்து இடுக்கை அடைத்திருக்கும், கறுத்துப்போன சிலிக்கான் பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். 24 மணி நேரம் அதில் தண்ணீர் படக் கூடாது. பழையதன் மேலேயே பூசினால் ஒட்டாது, சில வாரங்களில் உரிந்து வந்துவிடும்.

மிச்சப் பணம் முழுவதும் சாலையைப் பார்த்த படுக்கையறை ஜன்னலுக்குப் போகட்டும்.

செடி சத்தத்தைத் தடுக்காது. இலைகளுக்கு இடையே காற்று புகும் வழியெல்லாம் ஒலியும் புகும். கொஞ்சமாவது பயன் தெரிய வேண்டுமென்றால் பல மீட்டர் ஆழத்துக்குப் புதர் வேண்டும், அதற்கு உங்களிடம் இடம் இருக்காது. ஆனால் வாகனங்கள் கண்ணில் படாமல் மறைக்கச் செடி நல்லது, பட்டறையையும் மறைக்கும். அந்தக் கணக்கில் வையுங்கள். ஒலிக்குத் தடை வேண்டுமென்றால் ஓட்டையில்லாத கனமான சுவர்தான்: சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 கிலோ எடை, தரையோடு இடைவெளி இல்லாமல், வாகனத்துக்கும் காதுக்கும் இடையிலான நேர்க்கோட்டை மறைக்கும் உயரம். அதில் சத்தம் சுமார் 5 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். மாடி அறைக்கு அதனாலும் பயனில்லை. மதிலைக் கட்டிவிட்டுக் கம்பிக் கேட்டைத் திறப்பாக விட்டால் பாதி உழைப்பு வீண், கேட்டின் பின்புறம் தகடு அடியுங்கள்.

10 டெசிபல் குறைந்தால் சத்தம் பாதியானதாகக் காதுக்குப் படும். அறைக்குள் குறிவைக்க வேண்டியது அதைத்தான். கண்ணாடியை மாற்றும் முன் இடுக்குகளைப் பாருங்கள். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறப்பாக இருந்தாலே, அந்தச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஒரு காகிதத் துண்டை ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே ரப்பர் பீடிங் (இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) இல்லை, அல்லது நசுங்கிப்போயிருக்கிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள பிளவையும், ஏசி குழாய் போகும் துளையையும் சீலண்ட் என்னும் அடைப்புப் பசை வைத்து அடையுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். இதைச் செய்யாமல் விலையுயர்ந்த கண்ணாடி போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

அடுத்து கண்ணாடி. ஒற்றை 4 மி.மீ. கண்ணாடிக்குப் பதில், நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி போடலாம். கடைக்காரர் இரட்டைக் கண்ணாடியைச் சிபாரிசு செய்வார். 12 மி.மீ. இடைவெளியுள்ள சாதாரண இரட்டைக் கண்ணாடி வெப்பத்துக்காக வந்தது, லாரியின் அடித்தொண்டை உறுமலை அது அவ்வளவாக நிறுத்தாது. அதைவிட, இருக்கும் ஜன்னலுக்கு உட்புறமாக 100 மி.மீ.யாவது தள்ளி இன்னொரு ஜன்னல் அமைப்பது பலன் தரும். இரண்டு கண்ணாடிகளும் வேறு வேறு தடிமனில் இருக்கட்டும், ஒரே தடிமன் என்றால் இரண்டும் ஒரே சுருதியில் அதிரும். ஓர் எச்சரிக்கை: ஜன்னலை இப்படி மூடினால் அறை புழுங்கும். காற்றுக்கு மறுபக்கத்தில் வழி இல்லாவிட்டால் வருகிறவர் சத்தத்தை மறந்து மூச்சு முட்டுகிறது என்பார்.

திரைச்சீலை வெளிச்சத்தத்தை நிறுத்தாது, எதிரொலியை அடக்கும். காலி அறையில் சாலைச் சத்தம் கூடுதலாகவே கேட்கும் என்பதால் வீட்டைக் காலி செய்துவிட்டுக் காட்டாதீர்கள். விரிப்பும் திரையும் கட்டிலும் இருக்கட்டும். பெரிய படுக்கையறையைப் பின்பக்கத்துக்கு மாற்ற முடியுமானால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பெயிண்ட் அடிக்கும் முன் சுவரைக் கழுவ வேண்டும். சாலையோர வீட்டின் சுவரில் புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் கலந்து படிந்திருக்கும், அதன் மேல் அடித்தால் உரியும். சோப்புத் தண்ணீரால் கழுவி, அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர், அதன் மேல் இரண்டு கோட்டிங். விரிசல் 1 மி.மீ.க்குள் இருந்தால் பட்டி பார்த்தால் போதும். 5 மி.மீ.யைத் தாண்டினாலோ, நாளுக்கு நாள் அகலமானாலோ கட்டுமானப் பொறியாளரிடம் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சுவரில் ஓர் இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடிப்பது, அங்கே எதையோ மறைக்கிறோம் என்று நாமே சுட்டிக்காட்டுவது போல. வாசனைத் திரவியம் தெளிப்பதும் அதே ரகம். தூசி இரண்டே நாளில் திரும்ப வந்துவிடும், எனவே மின்விசிறி இறக்கை, கொசுவலை, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் ஆள் வரும் நாளுக்கு முந்தைய மாலையில் துடைக்கச் சொல்லுங்கள்.

விடுமுறைக் காலை யோசனைக்கு வருவோம். பணம் போடுகிறவர் இன்னொரு முறை, நீங்கள் அறியாத நேரத்தில் வந்து நின்று பார்ப்பார். அப்போது இரைச்சலைவிட நீங்கள் மறைத்ததுதான் அவருக்குப் பெரிதாகத் தெரியும். ‘பெரிய சாலையை ஒட்டிய வீடு’ என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். வாசலில் முகம் சுளிக்கிறவர்கள் வராமலே நின்றுவிடுவார்கள், அது உங்களுக்கு லாபம். வருகிறவரை ஜன்னல்களை மூடி வைத்து நேராகப் படுக்கையறைக்கு அழைத்துப் போங்கள். இரண்டு நிமிடம் பேசிவிட்டு நீங்களே ஜன்னலைத் திறந்து, மறுபடி மூடிக் காட்டுங்கள். பின்னணியில் பாட்டு வைக்க வேண்டாம். மாலை நெரிசலில் ஒருமுறை வந்து பாருங்கள் என்றும் சொல்லுங்கள்.

சாலை சிலருக்கு வசதி: அலுவலகம், சிகிச்சையகம், பயிற்சி வகுப்பு நடத்த இடம் தேடுகிறவர்கள். அவர்களைக் குறிவைத்து எழுதும் முன், அந்த இடத்தை அப்படிப் பயன்படுத்த உள்ளாட்சி அமைப்பின் அனுமதி கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

விலையை உள்தெருவில் உள்ள வீட்டோடு ஒப்பிடாதீர்கள். அதே சாலையில், அதே சத்தத்தோடு உண்மையில் கைமாறிய வீடுகளின் தொகை என்ன என்று பாருங்கள், விளம்பரத்தில் கேட்கிற தொகை கணக்கில் சேராது. அதிகம் பேர் எட்டிப் பார்ப்பது விளம்பரம் வந்த முதல் சில வாரங்களில்தான். கூட்டிச் சொல்லிவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால், இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார்கள். குறைப்பதென்றால் ஒரே தடவையில் குறையுங்கள். ஜன்னல் வேலைக்கான ரசீதையும், கண்ணாடியின் தடிமன், இடைவெளி எழுதிய தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். இரைச்சலைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லும்போது அவற்றை எடுத்து முன்னால் வையுங்கள்.