டயரில் காற்று குறைந்தால் பெட்ரோல் எங்கே போகிறது?

கேள்வி: எங்களுடையது பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். மின்சாரக் கார் வாங்க இப்போதைக்கு வழியில்லை. உராய்வைக் குறைத்தால் கார்பனும் குறையும் என்கிறார்களே, டயர் காற்று, ஆயில் இதிலெல்லாம் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா? உராய்வுதான் எதிரி என்றால் தேய்ந்த டயரே நல்லதில்லையா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உயிராபத்து இருக்கிறது. தேய்ந்த டயர் கொஞ்சம் லேசாக உருளும் என்பது உண்மை, ஆனால் மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. சாலையைப் பிடிக்கும் உராய்வு நமக்குக் கட்டாயம் வேண்டும். பெட்ரோலைத் தின்பது அது இல்லை.

டயர் சுற்றும்போது தரையைத் தொடும் இடம் அமுங்குகிறது, தரையை விட்டதும் நிமிர்கிறது. அமுக்குவதற்குச் செலவான ஆற்றலை ரப்பர் முழுசாகத் திருப்பித் தராது, ஒரு பங்கைச் சூடாக்கிவிடும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு டயரின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள், இரவு நேரமாக இருந்தாலும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு உங்கள் பெட்ரோலில் இருந்து வந்ததுதான். காற்று குறையக் குறைய டயர் இன்னும் அதிகமாக அமுங்கும், இன்னும் அதிகமாகச் சூடாகும். ரயிலின் எஃகுச் சக்கரம் தண்டவாளத்தில் ஏறக்குறைய அமுங்குவதே இல்லை, அதனால்தான் அதே எடையை இழுக்க அதற்கு இவ்வளவு சிரமம் கிடையாது.

ஹோல்ம்பெர்க், ஆண்டர்சன், எர்டெமிர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, காரில் போடும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இன்ஜின், கியர், டயர், பிரேக் ஆகியவற்றின் உராய்வுக்கே போய்விடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? மாதம் ஒரு தடவை, வண்டி ஓடாமல் ஆறிக் கிடக்கும்போது காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு, டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். பத்து பிஎஸ்ஐ என்றால் 2 சதவீதம். சின்னதாகத் தெரியலாம், ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது, ஒரு வருட ஓட்டத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

ஆயிலில் கையேடு சொல்லும் கிரேடுதான். மெல்லிய ஆயில் இழுவையைக் குறைக்கும் என்பது சரியே, ஆனால் அந்த இன்ஜினுக்கு வேண்டியதைவிட மெல்லியதாகிவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கிவிடும்.

அப்புறம் பலரும் கவனிக்காத ஒன்று, பிரேக். அதிகம் பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.