காலை வானொலியில் செய்தியும் சிரிப்பும்

அன்புள்ள ஐயா,

தினமும் காலையில் கோவையிலிருந்து திருப்பூருக்கு காரில் போகிறேன். வழி முழுக்க எஃப்எம்தான். பாட்டு, சினிமா கிசுகிசு, யாருக்காவது போன் போட்டு ஏமாற்றுவது, அப்புறம் விளம்பரம். நாட்டில் நேற்று என்ன நடந்தது என்று ஒரு வரி கிடையாது. அரசியல், பொருளாதாரம், விளையாட்டு மூன்றையும் கலந்து பத்து நிமிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல நம் ஆர்ஜேக்களுக்குத் தெரியாதா? இல்லை, பயமா? நானும் இரண்டு நண்பர்களும் அப்படி ஒன்றைப் பாட்காஸ்டாக வாரம் ஒருமுறை செய்து பார்க்கலாமென்று இருக்கிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஆர்ஜேக்கள் மேல் பழி போடாதீர்கள். அவர்களில் பலர் நல்ல திறமைசாலிகள். காலை ஆறு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து, எதிரே ஆளே இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஊரைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அவர்கள் கையைக் கட்டிப்போட்டிருப்பது அரசின் விதி.

தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. 2011இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை ஒரு சின்னக் கதவைத் திறந்தது: ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை எதையும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவுகள், மின்தடை அறிவிப்பு, விளையாட்டுப் போட்டிகள் பற்றிய தகவல்கள் போன்றவை செய்தி என்ற கணக்கில் வராது என்றும் சொன்னார்கள். அதனால்தான் உங்கள் காலைப் பயணத்தில் எந்தச் சாலையில் நெரிசல் என்று தெரிகிறது, சட்டசபையில் என்ன நெரிசல் என்று தெரிவதில்லை. ஆகாசவாணி அறிக்கையை வாங்கி ஒலிபரப்பினாலும் நீங்கள் கேட்கும் நிகழ்ச்சி கிடைக்காது. ‘எதையும் மாற்றாமல்’ என்ற நிபந்தனைக்குள் நையாண்டிக்கு இடமேது?

இதற்கு மேல் இன்னொரு பூட்டும் இருக்கிறது. ஆகாசவாணிக்கென்று வகுத்த ஒலிபரப்பு விதிமுறை தனியாருக்கும் பொருந்தும். எந்த அரசியல் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மத்திய மாநில அரசுகளைக் கடுமையாக விமர்சிக்கக் கூடாது என்கிறது அது. கட்சியின் பெயரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் அரசியல் நகைச்சுவை செய்ய முடியுமா?

எனக்கு இதில் ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. தினத்தந்தி குழுமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நாளிதழ் இருக்கிறது, செய்தித் தொலைக்காட்சி இருக்கிறது, ஹலோ எஃப்எம்மும் இருக்கிறது. ஒரே செய்தியை அச்சில் போடலாம், திரையில் நாள் முழுக்க விவாதிக்கலாம், வானொலியில் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. ஓட்டுநருக்கும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் கண்ணும் கையும் வேலையில் இருக்கின்றன, காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்குத்தான் செய்தி மறுக்கப்படுகிறது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் எஃப்எம்கள் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் ஒலிபரப்பலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. நீங்கள் கேட்கும் பத்து நிமிடம்தான் அது!

கதவு திறந்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. இலங்கையில் தனியார் தமிழ் எஃப்எம்கள் பல வருடங்களாகச் செய்தி சொல்கின்றன. அதற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். கொழும்பின் சூரியன் எஃப்எம் (சென்னைச் சூரியன் வேறு) செய்தி முகாமையாளர் நடராஜா குருபரன் 2006 ஆகஸ்டில் கடத்தப்பட்டு மறுநாள் விடுவிக்கப்பட்டார். 2007 அக்டோபரில் அந்த வானொலியை நடத்திய நிறுவனத்தின் உரிமங்களையே அரசு ரத்து செய்தது. காலையில் மைக் முன்னால் உட்கார்ந்து செய்தி பேசுவதற்கு அங்கே நெஞ்சுரம் வேண்டியிருந்தது. நம் ஊரில் அந்த அளவுக்கு ஆபத்து இல்லாதபோதும் நாம் பேசாமல் இருக்கிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, உங்கள் பாட்காஸ்டுக்கு வருவோம். இணையத்தில் இந்த எஃப்எம் விதி உங்களைத் தொடாது. அதனால் உங்கள் பொறுப்பு கூடுகிறது. நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. நகைச்சுவைக்குள் செய்தி இருக்க வேண்டும். கேட்டவர் சிரித்து முடித்த பிறகு அவருக்கு நேற்று தெரியாத ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் உதாரணம் ஒன்று. 2020 டிசம்பர் 19, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கிரிக்கெட் டெஸ்டில், அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டது. டெஸ்டில் நம் மிகக் குறைந்த ஸ்கோர். அன்று ட்விட்டர் முழுக்க வசைமழை. வீரேந்திர சேவாக் மட்டும் ஒரு வரி போட்டார்: இதை மறப்பதற்கான ஓடிபி 49204084041. இதை வானொலியில் வாசிப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிப் பாருங்கள். நான்கு, ஒன்பது, இரண்டு, பூஜ்யம், நான்கு, பூஜ்யம்... பதினொரு பேரின் ரன்களும் வரிசை மாறாமல் அதில் இருக்கின்றன. கூட்டினால் 36 வரும். ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை என்ற செய்தி, யாரும் விளக்காமலேயே காதில் விழுந்துவிடுகிறது. யாரையும் திட்டவும் இல்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜனவரி 19 அன்று, இதே தொடரை பிரிஸ்பேனில் இந்தியா வென்றது. நம் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான் டெஸ்டில் அறிமுகமானார்கள். டிசம்பரில் வீரர்களைக் கேவலமாகப் பேசியவர்களின் வார்த்தைகள் ஜனவரியில் செல்லாக்காசாகிவிட்டன. சேவாக்கின் வரி இன்றும் நிற்கிறது, ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் உண்மை.

இதற்கு நேர்மாறானது வைகை அணை தெர்மாகோல். 2017 ஏப்ரலில் அமைச்சர் செல்லூர் ராஜு அணை நீர் ஆவியாகாமல் தடுக்க தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளியது. தமிழ்நாடே சிரித்தது, இன்றும் சிரிக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு மனிதரோடு நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை எவ்வளவு மோசமாகப் பொய்த்தது, 71 அடி அணையில் அன்று எவ்வளவு தண்ணீர் கிடந்தது, மதுரையின் குடிநீர் என்னவாகும் என்றெல்லாம் எத்தனை மீம்கள் கேட்டன?

நல்ல காலை நிகழ்ச்சியாக இருந்திருந்தால் கையோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போயிருக்கும். 2015 ஆகஸ்டில் அங்கே ஒரு நீர்த்தேக்கத்தை 9 கோடியே 60 லட்சம் கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளால் மூடினார்கள். வெயில் பட்டுத் தண்ணீரில் வேண்டாத ரசாயனம் உருவாவதைத் தடுப்பது முதல் நோக்கம், ஆவியாவதும் அதனால் குறையும். காற்று அடித்துக்கொண்டு போகாமலிருக்க ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தார்கள். வைகைக் கரையில் ஒதுங்கிய அட்டைகளுக்குப் பக்கத்தில் இந்தத் தகவலை வையுங்கள். சிரிப்பு இரண்டு மடங்காகும். தப்பு எங்கே நடந்தது என்பதும் புரியும்.

பொருளாதாரம்தான் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2017 ஜூன் 16 முதல் பெட்ரோல் விலை தினமும் காலை 6 மணிக்கு மாறும் என்றார்கள். 2021 நவம்பர் 4லிருந்து 137 நாள் அது மாறவே இல்லை. இடையில் கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியது. ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் மார்ச் 10 அன்று வந்தன, மார்ச் 22 அன்று விலை ஏறியது. ஒரு ஆர்ஜே தினமும் ஒரே குரலில் “இன்றைய பெட்ரோல் விலை, மாற்றமில்லை” என்று சொல்லி, கூடவே வாக்குப்பதிவுக்கு இன்னும் எத்தனை நாள் என்றும் சொல்லியிருந்தால் போதும். மீதியைக் கேட்பவரே சிரித்துக்கொள்வார்.

குரல் பற்றிக் கொஞ்சம். சொல்கிறவர் சிரிக்கக் கூடாது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ காலையில் வீடு வீடாக ஒலித்த காலத்தில், அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. செய்தி சொல்வதைப்போலவே நகைச்சுவையையும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பின்னணியில் பதிவு செய்த கைதட்டலும் ‘டொய்ங்’ சத்தமும் போட்டு இதைக் கெடுத்துவிடாதீர்கள். சாதி, உடல்வாகு, பெண்கள், பேச்சு வழக்கு ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். அதில் வரும் சிரிப்பில் செய்தி எதுவும் இல்லை.

நண்பர்கள் மூவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாலு பத்திரிகையாவது படிக்கட்டும், ஒருவர் எழுதட்டும். மூன்றாமவர் ஒவ்வொரு எண்ணையும் தேதியையும் சரிபார்க்கட்டும். மூன்றாமவர் சரி என்று சொல்லாத நகைச்சுவை எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒன்று என்று இல்லாமல் தினமும் காலையில் ஏழு நிமிடம் முயன்று பாருங்கள். நேற்றைய செய்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறிப்போய்விடும்.

முதல் பதிவு தயாரானதும் அனுப்புங்கள். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.