அக்விட்: ட்யூபா போட்டு ராப் பாடிய அண்ணன் தம்பி (கேள்வி பதில்)

மெக்சிகன் ராப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் பாதிப் பேர் அக்விட் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். அதனால் இன்று அவர்கள் மட்டும்.

கேள்வி: அக்விட் ஒரு ஆளா, குழுவா?

அண்ணன் தம்பி இரண்டு பேர், செர்ஹியோ கோமெஸ், பிரான்சிஸ்கோ கோமெஸ். மெக்சிகோவில் மிச்சோகான் மாநிலத்து ஹிகில்பானில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸின் சவுத் சென்ட்ரலில் வளர்ந்தவர்கள். ஒருவர் ஏகே, இன்னொருவர் விகிட். இரண்டையும் ஒட்டினால் அக்விட், ஆழமான அர்த்தமெல்லாம் தேட வேண்டாம்.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே ஸ்பானிஷ்தானா?

இல்லை. தொண்ணூறுகளில் ஜுவனைல் ஸ்டைல் என்ற பெயரில் ஆங்கிலத்தில் பாடினார்கள், பெரிதாக எடுபடவில்லை. 2003-இல் 'ப்ரொயெக்தோ அக்விட்' என்ற ஸ்பானிஷ் ஆல்பம் வந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸ் ராப் குழு டெலிங்க்வென்ட் ஹாபிட்ஸ் 1996-லேயே ட்ரம்பெட் வைத்து ராப் பண்ணிவிட்டார்களே, இதில் என்ன புதுசு?

நியாயமான கேள்வி. இன்னும் பின்னால் போனால் 1990-இல் கிட் ஃப்ராஸ்ட் என்ற ராப்பர் 'லா ராசா' பாட்டில் ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டையும் கலந்துவிட்டார். ஆனால் டெலிங்க்வென்ட் ஹாபிட்ஸ் எடுத்த ட்ரம்பெட் ஹெர்ப் ஆல்பர்ட்டுடையது, அதாவது மெக்சிகோ காளைச் சண்டையைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அமெரிக்கர் போட்ட இசை. அக்விட் நேராக பாந்தாவிடம் போனார்கள் (கரடி இல்லை, சினலோவா மாநிலத்துப் பித்தளை வாத்தியக் குழு). அவர்களுடைய 'நோ ஐ மனேரா' பாட்டில் கேட்பது பாந்தா எல் ரெகோதோ, 1938-இல் தொடங்கிய குழு, கல்யாண வீட்டில் தாத்தா பாட்டி ஆடுகிற சமாச்சாரம். பாந்தாவில் பேஸ் கிட்டார் வேலையை ட்யூபாதான் (அடிக்குரலில் முழங்கும் பெரிய பித்தளை ஊதுகருவி) பார்க்கும், ராப்பிலோ அடித்தளமே அந்த பேஸ் ஒலிதான், அதனால் ட்யூபா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தபோது ஒட்டுப்போட்டது மாதிரியே தெரியவில்லை. மற்றவர்கள் பலர் ட்ரம்பெட்டைக் கருவேப்பிலை மாதிரி மேலே தூவினார்கள் என்பது என் கருத்து, சண்டைக்கு வரலாம்.

கேள்வி: அடிதடி ராப் வரிகளுக்கும் கிராமத்துப் பாட்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

கிராமத்துப் பாட்டு சாது என்று யார் சொன்னது? கொரிதோ என்பதே துப்பாக்கி, பழிவாங்கல், எல்லை தாண்டல் எல்லாவற்றையும் கதையாகச் சொல்லும் பாட்டு. சாலினோ சான்சேஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருந்துகொண்டு, ஆட்கள் காசு கொடுத்துக் கேட்டால் அவர்கள் மேலேயே கொரிதோ எழுதிக் கொடுத்தவர், 1992-இல் மெக்சிகோவின் குலியாகானில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே லாஸ் ஏஞ்சல்ஸில் அதே காலத்தில்தான் கேங்ஸ்டா ராப்பும் கொடிகட்டிப் பறந்தது. வீட்டுக்குள் ஒன்று, தெருவில் ஒன்று என்று இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் பொருத்தம் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

'நோ ஐ மனேரா'. அப்புறம் 2004-இல் வந்த 'கோம்ப் 104.9 ரேடியோ கோம்பா' ஆல்பம், கோம்பா என்றால் நம்ம தோஸ்த். அது பிடித்தால் ஜே-பி என்ற ராப்பர் பாடிய 'நி தே அகீ நி தே அயா', அதாவது 'இந்த ஊருமில்லை அந்த ஊருமில்லை'. தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ட்யூபா காணாமல் போய்விடும்.