சொல் விளக்கம்: 'இத்துப்போன' கயிறு

கேள்வி: என் சிறுகதையில் 'இத்துப்போன கயிறு' என்று எழுதியிருந்தேன். படித்த நண்பர் அது கொச்சை என்றும் 'அழுகிய கயிறு' என்பதே சரி என்றும் சொல்கிறார். எது சரி?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. 'காற்று' பேச்சில் 'காத்து' ஆவதுபோல் 'இற்று' என்பது 'இத்து' ஆகியிருக்கிறது. ஆகவே உரையாடலில் 'இத்துப்போன' என்றும், கதைசொல்லியின் நடையில் 'இற்றுப்போன' என்றும் எழுதலாம். ஆனால் அதை 'அழுகிய' என்று மாற்றினால் பொருளே மாறிவிடும்.

இதன் வேர் 'இறு'. முறிதல், முடிதல், அழிதல் என்பன அதன் பொருள்கள். 'இறுதி', 'ஈறு' ஆகியவையும் இந்தக் குடும்பத்துச் சொற்களே. மயிலிறகாயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் 'அச்சிறும்' என்கிறது 475ஆம் குறள். இராமன் வில்லை முறித்த வேகத்தைக் கம்பர், 'எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்' என்று பாடுகிறார். இவ்விரண்டு இடங்களிலும் உறுதியான பொருள் பாரத்தாலோ வலிமையாலோ முறிகிறது. இன்றைய வழக்கிலோ, நாட்பட்டு உள்வலுவை இழந்து, தொட்டாலே முறியும் நிலைக்கு வந்துவிட்ட பொருளையே இற்றுப்போனது என்கிறோம். பார்வைக்குக் கயிறு முழுதாகத்தான் இருக்கும். இழுத்தால் இரண்டாகிவிடும், புரி பிரிந்த இடத்தில் நார் தூளாக உதிரும். பழம்புடவை மடிப்பு விழுந்த இடத்திலேயே கிழிவதும் இப்படித்தான்.

அழுகுவதற்கு ஈரம் வேண்டும், நாற்றமும் கூடவே வரும். பழமும் பிணமும் அழுகும். சமைத்த உணவு ஊசிப்போகும், சருகு மட்கும், மரத்தைப் பூச்சி அரித்தால் அது உளுத்துப்போகும். வெயிலில் கிடந்து நைந்த கயிற்றை 'அழுகிய கயிறு' என்றால், கிணற்றுக்குள் ஊறிக் கிடந்ததாகத்தான் வாசகர் நினைப்பார். 'துருப்பிடித்து இற்றுப்போன தகரம்' என்பதில் கூறியது கூறல் இல்லை. துரு காரணம், இற்றது விளைவு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'இற்று' என்னும் வடிவம் பழகாத சிலர் 'இறுகிப்போன கயிறு' என்று எழுதிவிடுகிறார்கள். அது 'இறுகு' என்னும் வேறு வினை. முடிச்சு இறுகினால் கயிறு அவிழாது, இற்றால் அறுந்துவிடும். 'இறும்' என்ற எதிர்கால வடிவம் இன்று வழக்கில் இல்லாததால், 'இற்றுப்போகும்', 'இற்றுவிடும்' என்று எழுதுவதே இயல்பு.