எம்.ஓ.டி. சோதனைக்குக் காரை ஆயத்தப்படுத்துவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து ஓராண்டு ஆகிறது. வந்தவுடன் ஆறு வயதான பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். அடுத்த மாதம் அதன் எம்.ஓ.டி. (வாகனத் தகுதிச் சோதனை) சான்றிதழ் முடிகிறது. ஊரில் சொந்தக் காருக்கு 15 ஆண்டுகள் வரை எஃப்.சி. என்ற நினைப்பே வராது. இங்கே சோதனைக்கு முன் என்ன செய்ய வேண்டும்? ஒரு முழு சர்வீஸ் செய்துவிட்டால் போதாதா? (வாசகர், ஹாரோ)

பதில்: சர்வீஸ் வேறு, எம்.ஓ.டி. வேறு. எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிப் பளபளவென்று கழுவிக் கொண்டுபோன கார், பிரேக் விளக்கு ஒன்று எரியாததால் தோற்றுத் திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன். என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை இந்தச் சோதனையின் வரம்புக்குள் வருவதில்லை. சாலையில் அந்தக் காரால் யாருக்கேனும் ஆபத்து உண்டா, அது விடும் புகை அளவுக்குள் இருக்கிறதா என்பவையே இங்கே கேள்வி. 1960இல் பத்தாண்டு கடந்த கார்களுக்கென்று தொடங்கிய இச்சோதனை, இப்போது மூன்றாண்டு நிறைந்த அநேகமாக எல்லாக் கார்களுக்கும் ஆண்டுதோறும் கட்டாயம். வட அயர்லாந்தில் மட்டும் நான்காண்டு.

ஆகவே, கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் அரசின் இணையதளத்தைத் திறந்து, உங்கள் காரின் பதிவெண்ணைக் கொடுத்து, அதன் பழைய சோதனை முடிவுகளைப் படியுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. கார் தேறியிருந்தாலும், "இது தேய்ந்து வருகிறது, கவனிக்கவும்" என்ற வகையில் சோதனையாளர் எழுதிவைத்த 'அட்வைசரி' குறிப்புகள் அங்கே இருக்கும். சென்ற ஆண்டு "முன் டயர்கள் தேய்மான எல்லையை நெருங்குகின்றன" என்றோ "பின் பிரேக் குழாயில் துரு" என்றோ எழுதப்பட்டிருந்து, அதற்குப் பிறகு நீங்கள் அதைத் தொடவில்லை என்றால், இந்த ஆண்டு அது தோல்விக் காரணமாக மாறியிருக்க வாய்ப்பு மிகுதி.

அடுத்தது விளக்குகள். எம்.ஓ.டி.யில் கார்கள் தோற்பதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று விளக்குகள் என்பதால், இருட்டிய பின் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முகப்பு விளக்கின் இரு நிலைகளும், இண்டிகேட்டர்களும், பின்புற மூடுபனி விளக்கும், பலர் மறந்தேவிடும் நம்பர் பிளேட் விளக்கும் எரிகின்றனவா என்று சுற்றிவந்து பாருங்கள். உதவிக்கு ஆள் இல்லாவிட்டால், காரைச் சுவரருகே பின்பக்கமாக நிறுத்திப் பிரேக்கை மிதித்தால், பிரேக் விளக்குகளின் சிவப்பு வெளிச்சம் சுவரில் தெரிந்துவிடும்.

டயர்களை நின்றபடி பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். டயரின் அகலத்தில் நடுவிலுள்ள முக்கால் பங்கில், சுற்றளவு முழுவதும், பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்தில் செருகிப் பார்க்கும் வழக்கம் இங்கே உண்டு. நாணயத்தின் வெளி விளிம்புப் பட்டை மறையாமல் தெரிந்தால் டயரைக் கடைக்காரரிடம் காட்டுவதே நல்லது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பிவைத்து, முன் டயர்களின் உட்பக்க ஓரத்தையும் தடவிப் பாருங்கள். சக்கரங்களின் அலைன்மென்ட் பிசகிய கார்களில் வெளிப்பக்கம் புதிதுபோல் இருக்க, உட்பக்கம் மட்டும் மழுங்கி உள்ளிழை தெரிய ஆரம்பித்திருக்கும். அந்த இழை வெளியே தெரிந்தால் அது சாதாரணத் தோல்வி அன்று, 'ஆபத்தானது' என்ற வகை.

முன்பக்கக் கண்ணாடியில், ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே வைப்பர் துடைக்கும் 290 மில்லிமீட்டர் அகலப் பட்டைக்குள் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சிதைவும், வைப்பர் துடைக்கும் மற்ற இடத்தில் 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதும் கூடாது. கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டியை நிரப்பிவையுங்கள்; தொட்டியில் தண்ணீர் இல்லை என்ற ஒன்றுக்காகவே தோற்பது போன்ற எரிச்சல் வேறில்லை. பிரேக் பேட் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தாலும் தோல்விதான். அதைப் பார்ப்பது வீட்டில் எல்லோராலும் இயலாது. மிதிக்கும்போது உரசும் ஒலி கேட்டால் சோதனைக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

கேள்வி: டாஷ்போர்டில் பிள்ளையார் இருக்கிறார், கண்ணாடியில் ஒரு மாலையும் தொங்குகிறது. பின்னிருக்கையில் குழந்தை இருக்கை பொருத்தியிருக்கிறோம். இவற்றையெல்லாம் எடுக்க வேண்டுமா? (வாசகி, லெஸ்டர்)

பதில்: சிறிய பிள்ளையாரால் யாரும் தோற்றதாக நான் அறியேன். ஆனால், ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் பொருள் தோல்விக்குக் காரணமாகலாம் என்பதால், மாலையை அன்று ஒருநாள் கழற்றி வைத்துவிடுங்கள். அதன் பிறகும் திரும்ப மாட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தை இருக்கையைக் கழற்றத் தேவையில்லை. டிக்கியில் அரிசி மூட்டையும் விளையாட்டுச் சாமானும் நிறைந்திருந்தால் அவற்றை இறக்கிவிடுங்கள். பார்க்க வேண்டிய பாகத்தைப் பார்க்க முடியாதபடி கார் அழுக்காகவோ சுமையோடோ இருந்தால், புகைச் சோதனைக்குப் போதிய எரிபொருள் இல்லாவிட்டாலும் அப்படித்தான், சோதனை செய்யவே மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: முன்கூட்டியே சோதனை செய்தால் மிச்சமுள்ள நாட்கள் வீணாகிவிடுமா? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் செய்தால் ஒரு நாளும் வீணாகாது. செப்டம்பர் 20இல் முடிவதாயின், ஆகஸ்ட் 21 முதல் எப்போது செய்தாலும் புதிய சான்றிதழ் அடுத்த ஆண்டு செப்டம்பர் 20 வரை செல்லும். கடைசி நாள்வரை காத்திருந்து தோற்றால், பழுது பார்க்கும் இடத்துக்கும் முன்பதிவு செய்த சோதனைக்கும் தவிர வேறெங்கும் ஓட்ட முடியாது. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

கேள்வி: என் டீசல் காரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு அணைவதே இல்லை. பள்ளிக்கும் கடைக்கும்தான் ஓட்டுகிறேன். கணினியை மாட்டி அதை அழித்துவிடலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக் ஒருவர். (வாசகி, குரோய்டன்)

பதில்: அழிக்கலாம், கோளாறு இருக்கும்வரை விளக்கும் திரும்பி வரும். 2008 ஜூலை முதல் பயன்பாட்டுக்கு வந்த டீசல் கார்களில் இந்த விளக்கு எரிந்தால் தோல்வி. பல்பைக் கழற்றிவிடும் யோசனையும் உதவாது, ஏனெனில் சாவியைத் திருப்பும்போது விளக்கு எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைகிறதா என்றே பார்க்கிறார்கள். குறுந்தொலைவு மட்டுமே ஓடும் டீசல் காரில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி போதிய சூடேறாமல் அடைத்துக்கொள்வது பொதுவான காரணம். முதலில் கோளாறுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். அடைப்புதான் என்று உறுதியானால், மோட்டார்வேயில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவது பல கார்களில் அந்தக் கரியை எரித்துவிடும். வடிகட்டியையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். அது எடுக்கப்பட்டிருப்பது தெரிந்தாலே தோல்வி.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு கராஜில் தோற்றதும், அங்கேயே பழுது பார்க்கச் சொல்லி 600 பவுண்டு கேட்டார்கள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

பதில்: சோதிப்பவரும் பழுதுபார்ப்பவரும் ஒருவராக இருந்தால் இந்த ஐயம் எழுவது இயல்பே. சில உள்ளூராட்சி மன்றங்கள் நடத்தும் சோதனை நிலையங்கள் பழுது பார்ப்பதே இல்லை. குறை கண்டுபிடிப்பதால் அவர்களுக்கு ஆதாயமும் இல்லை. அருகில் ஒன்று இருந்தால் அங்கே போங்கள். கட்டணம் எங்கும் 54.85 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. தோற்றாலும், பழைய சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகி, 'ஆபத்தானது' என்று எதுவும் எழுதப்படாதிருந்தால் காரை எடுத்துச் சென்று வேறிடத்தில் விலை கேட்கலாம். பத்து வேலை நாட்களுக்குள் அதே நிலையத்துக்குத் திரும்பினால் பகுதிச் சோதனை போதும். முடிவே தவறு என்று கருதினால் 14 வேலை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு முடியும்வரை அந்தப் பாகத்தைப் பழுதுபார்க்கக் கூடாது.

கேள்வி: நம்பர் பிளேட்டில் எழுத்துகளை நகர்த்தித் தன் பெயர்போல் தெரியும்படி மாட்டியிருக்கிறான் என் மகன். தேறுமா? (வாசகர், பர்மிங்ஹாம்)

பதில்: தேறாது. சோதனை நாளுக்கு மட்டும் சரியான பிளேட்டை மாட்டிவிட்டுப் பிறகு பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். சாலையில் பிடிபட்டால் அதற்கும் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு என்பதை அவரிடம் சொல்லிவையுங்கள்.